திரும்பிப் படுத்த முந்திரிப் பருப்பு: வியாழனின் புற ஊதாத் துருவ ஒளியை வரைந்தபோது நேர்ந்த பிழை

படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வினையே அதில்தான்.

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் அண்ணன் மகளும் நானும் சேர்ந்து வியாழனின் வடதுருவத்துக்கு ஒரு வரைபடம் போட்டோம். வியாழனைச் சுற்றிவரும் நாசாவின் ஜூனோ விண்கலம் அனுப்பிய புற ஊதாத் தரவைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, துருவ ஒளி (அரோரா) எங்கெங்கே எரிகிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டத்தில் குறிப்பதுதான் வேலை. மூன்று வாரம் எங்கள் வரைபடத்தில் வியாழன் இடவலம் மாறிக் கிடந்தது. அதை நாங்கள் சரிபார்க்கவும் செய்தோம், பொருந்துகிறது என்று டிக்கும் போட்டோம். அந்த டிக் எப்படி விழுந்தது என்று பின்னாலிருந்து தேடிப் போனதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சனிக்கிழமையாவது மிஞ்சும்.

அவள் தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு முடித்தவள். நான் பகலில் சரக்குக் கப்பல் கணக்குகளோடு மல்லுக்கட்டும் தரவு ஆய்வாளன். வானியல் எனக்கு இரவு வேலை. ஆய்வுக்கூடம் என்று சொன்னால் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். இரவு எட்டரைக்குத் தட்டுகளை எடுத்த பிறகு லேப்டாப்பை விரிப்போம்.

வியாழன் எங்கள் ஊர் வானத்தில் நன்றாகவே தெரியும். தெருவிளக்கு வெளிச்சத்தை மீறித் தெரிகிற சில புள்ளிகளில் அதுவும் ஒன்று. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத ஊர் என்பதால் உச்சிக்குப் பக்கத்திலேயே கடந்துபோகும். ஆனால் அதன் துருவ ஒளியைப் புற ஊதாவில் பார்க்க எந்த ஊரும் உதவாது. எங்களுக்கு வேண்டியிருந்த 155 முதல் 162 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுங்கிவிடும். மேலே போயாக வேண்டும்.

அப்படிப் போன வாயேஜர் 1 விண்கலம்தான் 1979இல் வியாழனின் துருவங்களில் இந்த ஒளி இருப்பதைப் புற ஊதாவில் காட்டியது. அப்புறம் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்கள் அருமையானவை. ஆனாலும் ஹபிள் இருப்பது பூமிக்குப் பக்கத்தில். அங்கிருந்து வியாழனைப் பக்கவாட்டில்தான் பார்க்க முடியும். துருவம் விளிம்பில் சப்பையாகத் தெரியும், இரவுப் பக்கம் கண்ணிலேயே படாது. 2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ துருவங்களுக்கு மேலாகவே பறக்கிறது. பகல், இரவு என்று பாராமல் முழு வளையத்தையும் மேலிருந்து பார்க்கக் கிடைத்தது அதன் பிறகுதான்.

எதைத் தேடினோம்

வியாழனின் துருவ ஒளியில் முதன்மையானது துருவத்தைச் சுற்றி எப்போதும் எரிகிற ஒரு வளையம். பூமியை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். நம் பூமியின் துருவ ஒளிக்குச் சூரியக் காற்று விறகு. வியாழனில் பெரும்பகுதி விறகு உள்ளூர்ச் சரக்கு. ஐஓ என்ற நிலாவின் எரிமலைகள் கந்தகத்தையும் ஆக்சிஜனையும் கக்குகின்றன. விநாடிக்குச் சுமார் ஒரு டன் அயனிகளாகி வியாழனின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொள்கின்றன. பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் கிரகம் அந்தச் சரக்கையும் தன்னோடு இழுத்துச் சுழற்றப் பார்க்கிறது. வெளியே போகப் போக இழுக்க முடியாமல் பிடி நழுவுகிறது. அந்த இழுபறியில் ஓடும் மின்னோட்டம் காந்தக் கோடுகள் வழியே துருவங்களில் இறங்குகிறது. அதோடு வரும் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை மோத, அவை புற ஊதாவில் ஒளிர்கின்றன. எலக்ட்ரான்களுக்கு வேகம் எப்படிக் கிடைக்கிறது என்பதில் ஜூனோ அளந்ததும் பழைய கோட்பாடு எதிர்பார்த்ததும் அப்படியே ஒத்துப்போகவில்லை. அது தனிக் கதை.

வளையத்துக்கு வெளியே தனித்தனியாகச் சில பொட்டுகளும் உண்டு. ஐஓ, யூரோப்பா, கானிமீடு ஆகிய நிலாக்களின் தடங்கள் அவை. ஒவ்வொரு நிலாவும் தான் இருக்கும் காந்தக் கோட்டின் அடியில் வியாழன்மேல் ஒரு பொட்டு வைக்கிறது. ஐஓவின் பொட்டுக்குப் பின்னால் வால் நட்சத்திரம்போல ஒரு நீண்ட வாலும் இருக்கும். இந்தப் பொட்டை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

வடக்கில் வளையம் வட்டமாக இல்லை. அங்கே காந்தப்புலம் கோணலானது. மேற்குத் தீர்க்கரேகை 90க்கும் 150க்கும் இடைப்பட்ட பகுதியில் வளையம் உள்ளே மடங்கியிருக்கிறது. அறிவியல் கட்டுரைகள் இதைச் சிறுநீரக வடிவம் என்கின்றன. முதல் பிரதியைப் பார்த்த என் அம்மா, “என்னடா இது, முந்திரிப் பருப்பு?” என்றார். வியாழக்கிழமை தவறாமல் குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறவர், முந்திரியில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு முந்திரி என்றுதான் பெயர்.

துண்டு துண்டாக வரும் படம்

ஜூனோவின் புற ஊதாக் கருவி கேமரா மாதிரி ஒரே சொடுக்கில் படம் எடுப்பதில்லை. விண்கலம் நிமிடத்துக்கு இரண்டு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பறக்கிறது. கருவியின் கண் ஒரு மெல்லிய பிளவு: நீளம் சுமார் 7 பாகை, அகலம் ஓரங்களில் 0.2 பாகை, நடுவில் அதைவிடவும் மெல்லியது. கலங்கரை விளக்கம் ஒளியை வீசிக்கொண்டு சுற்றுகிறது என்றால் இது ஒளியை வாங்கிக்கொண்டு சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 30 விநாடி. ஒவ்வொரு சுற்றிலும் கிரகத்தின்மேல் ஒரு பட்டை மட்டும் கிடைக்கும். கருவியின் முன்னால் இருக்கும் கண்ணாடியைச் சாய்த்து அடுத்த சுற்றில் வேறு பட்டையைப் பார்க்கலாம். இப்படி நூற்றுச் சொச்சம் பட்டைகளை ஒட்டித்தான் ஒரு துருவம் முழுமையாகிறது.

நமக்குக் கிடைப்பதும் படம் இல்லை, பட்டியல்தான். இந்த நேரத்தில், பிளவின் இந்த இடத்தில், இந்த அலைநீளத்தில் ஒரு ஒளித்துகள் வந்தது என்று வரிவரியாக. விண்கலம் அப்போது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது, வியாழன் எவ்வளவு சுழன்றிருந்தது என்பதற்கு நாசாவின் ஸ்பைஸ் கோப்புகள் தனியே இருக்கின்றன. இரண்டையும் இணைத்து ஒவ்வொரு துகளின் பார்வைக் கோட்டையும் நீட்டினால் அது வியாழன்மேல் எங்கோ முட்டும். முட்டுகிற புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் நம் வரைபடத்தின் ஒரு புள்ளி.

முதல் படம் அலங்கோலமாக வந்தது. வளையத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் கட்டங்கள் பளீரென்று மின்னின. இதற்கு விடை கண்டுபிடித்தவள் அண்ணன் மகள். விநாடிக்கு 12 பாகை சுழலும்போது 0.2 பாகைப் பிளவு ஒரு புள்ளியைக் கடக்க 17 மில்லிவிநாடிதான் ஆகும். ஒரு கட்டத்தை ஒரே ஒரு முறை பார்த்து ஒரே ஒரு துகள் விழுந்தால்கூட விநாடிக்கு 59 துகள் என்று கணக்கு வரும். பக்கத்துக் கட்டத்தை இருபது முறை பார்த்து, மொத்தம் 340 மில்லிவிநாடியில் நாலு துகள் விழுந்திருந்தால் விநாடிக்கு 12தான். அரைகுறையாகப் பார்த்த கட்டம் ஐந்து மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது! நான் பட்டைக்குப் பட்டை வீதத்தைக் கணக்கிட்டு அவற்றின் சராசரியை எடுத்திருந்தேன். அவள் எல்லாத் துகள்களையும் ஒரு பக்கம் கூட்டி, எல்லா நேரத்தையும் இன்னொரு பக்கம் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வகுத்தாள். பார்த்த நேரம் மிகக் குறைவான கட்டங்களை வெறுமையாக விட்டாள். படம் தெளிந்தது.

மிச்சமிருந்த இரைச்சல் கதிர்வீச்சு. வியாழனின் கதிர்வீச்சு வளையத்திலிருந்து வரும் அதிவேக எலக்ட்ரான்கள் கருவியின் கவசத்தையும் துளைத்து உணரியில் பொய்த் துகள்களைப் பதிக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் பிளவு வெறும் வானத்தைப் பார்க்கிற நேரம் உண்டல்லவா, அப்போது வருகிற எண்ணிக்கையைப் பின்னணியாக எடுத்துக் கழித்தோம். இதில் பெரிய சிக்கல் வரவில்லை.

திருத்தமும் நிம்மதியும்

எங்களை ஏமாற்றிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வியாழன் உருண்டையாக இல்லை, இடுப்பில் புடைத்தது. நடுக்கோட்டு ஆரம் 71,492 கிலோமீட்டர், துருவ ஆரம் 66,854. அதனால் அட்சரேகையை இரண்டு விதமாகச் சொல்லலாம். மையத்திலிருந்து கோடு இழுத்து அளப்பது ஒன்று. தரைக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து அளப்பது மற்றொன்று. மைய முறையில் 70 பாகை என்றால் செங்குத்து முறையில் 72.35. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர். வளையத்தின் கோடு சில நூறு கிலோமீட்டர் அகலமே இருக்கும் வேலையில் இது சின்னப் பிசகு இல்லை.

இதை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். எங்கள் நிரலில் முட்டுப் புள்ளியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்ற ஸ்பைஸின் ‘ரெக்லாட்’ என்ற கட்டளையை எழுதியிருந்தேன். அது மைய அட்சரேகையைத்தான் தரும். சரி, அந்த எண்ணை மட்டும் சூத்திரம் போட்டுச் செங்குத்து முறைக்கு மாற்றினேன். தவறைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்ட நிம்மதி. அதன் பிறகு அந்த வரியை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதே கட்டளை தீர்க்கரேகையை −180 முதல் 180 வரை தரும். வரைபடத்துக்கு 0 முதல் 360 வரை வேண்டும். அண்ணன் மகள் எதிர்ம எண்களோடு 360ஐக் கூட்டிவிட்டாள். எதிர்மக் குறிகள் இருந்தவரை, ‘இது எந்தத் திசையில் எண்ணுகிறது?’ என்று யாராவது கேட்டிருக்கக்கூடும். கூட்டிய பிறகு எண்கள் கட்டுரைகளில் வருகிற எண்களைப் போலவே ஆகிவிட்டன.

வரைபடம் வந்தது. வளையம் இருந்தது. அதன் மையம் கட்டுரைகள் சொல்கிற மாதிரி 180 பாகைக் கோட்டின் பக்கம் சாய்ந்திருந்தது. முந்திரி வடிவமும் இருந்தது.

அடுத்து ஐஓவை வைத்துச் சோதித்தோம். அந்த நேரத்தில் ஐஓ எந்தத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது என்று கணக்கிட்டு, வரைபடத்தில் அதன் பொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தோம். காந்தக் கோடுகள் வளைந்து இறங்குவதால் இரண்டும் அப்படியே ஒன்றாக இருக்காது, ஆனால் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் டிக் விழுந்தது.

ஒட்டாத மடிப்பு

கட்டுரைகளில் வளையத்தின் சராசரி வடிவத்தைப் புள்ளிகளாகத் தருவார்கள். அழகுக்காக அதை எங்கள் படத்தின்மேல் ஒரு மெல்லிய கோடாகப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்தோம். பாதி வளையம் ஏறத்தாழ ஒட்டியது. மடிப்பு மட்டும் ஒட்டவே இல்லை. எங்கள் படத்தில் மடிப்பு 210க்கும் 270க்கும் இடையில் கிடந்தது.

நான் முதலில் சொன்ன சமாதானம், “துருவ ஒளி நாளுக்கு நாள் மாறும்மா” என்பது. அதில் பொய்யில்லை. வளையம் விரியும், சுருங்கும். விடியல் பக்கம் சில நேரம் புயல்போல வெடித்துப் பிரகாசிக்கும். ஆனால் மடிப்பு காந்தப்புலத்தின் வடிவத்தால் வருவது. அது கிரகத்தோடு சேர்ந்து சுழலுமே தவிர, ஒரு வாரத்தில் 120 பாகை நகர்ந்துபோய் உட்காராது. எனக்கே தெரிந்த விஷயம்தான். மூன்று வார வேலை கண்ணை மறைத்தது.

சந்தேகப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தினோம். முதலில் கடிகாரம். சுழற்சி நேரத்தில் பத்தில் ஒரு விநாடி பிசகினாலே பார்வை 1.2 பாகை தள்ளிப்போகும். 1,00,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது 2,100 கிலோமீட்டர். ஆனால் அப்படிப் பிசகினால் ஒவ்வொரு பட்டையும் தான் துடைத்த திசையில் வழுக்கும். ஒட்டிய இடங்களில் வளையம் உடைந்து, படிக்கட்டு மாதிரி தெரியும். எங்கள் வளையமோ வழவழவென்று இருந்தது. கடிகாரம் நிரபராதி.

அடுத்தது ஒளியின் பயண நேரம். ஹபிள் படமாக இருந்தால் நானே இதைத்தான் முதலில் பிடித்திருப்பேன். வியாழனிலிருந்து பூமிக்கு ஒளி வர ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் வியாழன் 27 பாகை சுழன்றுவிடும். அதைக் கழிக்க மறந்தால் முழு வரைபடமும் திரும்பிவிடும். ஜூனோவுக்கு அந்தக் கவலை இல்லை, ஒளி ஒரு விநாடிக்குள் வந்து சேர்கிற தூரம்தான். தவிரவும், முழு வரைபடமும் திரும்பியிருந்தால் வளையத்தின் மையமும் 180ஐ விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லையே.

விண்கலம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைத் தப்பாக வைத்துக்கொண்டோமா என்று ஒரு முழு இரவு போனது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, தாண்டிப் போகிறேன்.

மறுநாள் காலை அண்ணன் மகள் இரண்டு படங்களையும் ஏ4 தாளில் அச்சடித்து எடுத்துவந்தாள், எங்களுடையது ஒன்று, கட்டுரையில் வந்த வளையம் ஒன்று. அளவு ஒரே மாதிரி வரும்படி பார்த்து அச்சடித்திருந்தாள். சமையலறை ஜன்னலில் கிழக்கு வெயில். கண்ணாடிமேல் ஒரு தாளை வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து நகர்த்தினாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒட்டவில்லை. பிறகு எங்கள் தாளைப் புரட்டி, அச்சு கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்தாள். வெயில் இரண்டு தாளையும் ஊடுருவியது. மடிப்புமேல் மடிப்பு அச்சாக உட்கார்ந்தது.

“சித்தப்பா, நம்ம முந்திரி திரும்பிப் படுத்திருக்கு.”

எனக்கு அப்போதும் ஒரு சாக்கு இருந்தது. கட்டுரைகளில் தென்துருவத்தைச் சில நேரம், வடக்கே நின்று கிரகத்தை ஊடுருவிப் பார்க்கிற மாதிரி வரைவார்கள். வடக்கும் தெற்கும் ஒரே திசையில் எண்ணிக்கொண்டு போகட்டும் என்ற வசதிக்காக. அப்படி எதையோ எடுத்துவிட்டாய் என்றேன். “இது வடக்கு. தலைப்பிலயே போட்டிருக்கு” என்று விரலை வைத்துக் காட்டினாள்.

ஐஓ எந்தப் பக்கம் நடக்கிறது

புரட்டினால் பொருந்துகிறது என்பது ஆதாரம்தான், ஆனாலும் இரண்டில் எது புரண்டது என்று அது சொல்லாது. அதற்கு நகர்கிற ஒன்று வேண்டும். மறுபடியும் ஐஓவின் பொட்டை எடுத்தோம், இந்த முறை அது இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, போகும் திசையைப் பார்த்தோம்.

ஐஓ வியாழனை ஒரு முறை சுற்ற சுமார் 42 மணி 28 நிமிடம். வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடம் 30 விநாடி. கிரகம் முந்தி ஓடுகிறது, நிலா பின்தங்குகிறது. வியாழன்மேல் நின்று பார்க்கிறவருக்கு ஐஓ மேற்கு நோக்கிப் போகும். வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் மேற்கு என்பது கடிகார முள் சுற்றும் திசை. ஆகவே ஐஓவின் பொட்டு வரைபடத்தில் கடிகார முள் திசையில், மணிக்குச் சராசரியாக 28 பாகை நகர வேண்டும்.

முழுத் தரவையும் ஒன்றாகக் கூட்டாமல், கால் மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு படங்கள் போட்டோம். பொட்டு நகர்ந்தது, எதிர்த் திசையில். நாலு படத்தையும் மாற்றி மாற்றித் தட்டினால் ஐஓ பின்னோக்கி நடப்பது சினிமா மாதிரி தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, என்னடா பேய் அறைந்த மாதிரி இருக்கிறீர்கள் என்று கேட்டார். “ஐஓ” என்றேன். “எதுக்கு ஐயோ?” என்றார்.

குற்றவாளி அந்த ‘ரெக்லாட்’ வரிதான். அது வலக்கை விதிப்படி எண்ணும், அதாவது கிழக்கு நோக்கித் தீர்க்கரேகை கூடும். வியாழனுக்கு வானியலாளர்கள் பின்பற்றும் ‘சிஸ்டம் 3’ முறையில் தீர்க்கரேகை மேற்கு நோக்கிக் கூடும். பூமியிலிருந்து பார்க்கிறவருக்கு, நேர் எதிரே வரும் தீர்க்கரேகை நேரம் போகப் போகக் கூடிக்கொண்டே போகட்டும் என்று பழைய நாளில் வைத்த வழக்கம் அது. மேற்குத் தீர்க்கரேகை வேண்டுமென்றால் 360லிருந்து கழிக்க வேண்டும், அல்லது ‘ரெக்பிஜிஆர்’ என்ற வேறு கட்டளையைக் கூப்பிட வேண்டும். அந்த இரண்டாவது கட்டளை மேற்குத் தீர்க்கரேகையோடு செங்குத்து அட்சரேகையையும் ஒரே நேரத்தில் தந்துவிடும். நான் அட்சரேகையைக் கையால் திருத்தப் புறப்பட்ட அன்றைக்கு, கட்டளையையே மாற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

இது எவ்வளவு பெரிய தவறு என்று நம் ஊரை வைத்துப் பார்த்தால் புரியும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. அந்த 104ஐ மேற்கு என்று படித்தால் நாம் எல்லோரும் பசிபிக் பெருங்கடலில், கலாபகஸ் தீவுகளுக்கும் மேற்கே, தண்ணீரில் கிடப்போம். பூமி என்றால் கடலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். வியாழனில் கரையும் இல்லை, கடலும் இல்லை.

இவ்வளவு பெரிய தவறு ஏன் கண்ணில் படவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. இடவலம் மாறும்போது 0 பாகையும் 180 பாகையும் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் 360லிருந்து 180ஐக் கழித்தாலும் 180தான். வடக்கு வளையத்தின் மையம் 180க்குப் பக்கத்திலேயே விழுவது எங்கள் கெட்ட நேரம். படம் புரண்டாலும் மையம் சில பாகைதான் நகர்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் அந்த ஐஓ சோதனை. ஐஓ நிற்கும் தீர்க்கரேகையையும் நாங்கள் அதே ‘ரெக்லாட்’ கொண்டுதான் கணக்கிட்டிருந்தோம். பொட்டும் புரண்டது, நிலாவும் புரண்டது, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. சோதனை என்ற பெயரில் கண்ணாடியில் தெரிந்த முகத்தை இன்னொரு கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டோம்.

திருத்திய பிறகு

ஒரு வரி மாற்றம். எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். மடிப்பு 90க்கும் 150க்கும் நடுவே போய் உட்கார்ந்தது. ஐஓவின் பொட்டு கடிகார முள் திசையில் நடந்தது. இந்த முறை பொட்டின் இடத்தைச் சோதிக்க எங்கள் நிரலைத் தொடவே இல்லை. ஜூனோவின் காந்தமானி அளவீடுகளிலிருந்து உருவாக்கிய ஜேஆர்எம்33 என்ற காந்தப்புல மாதிரியைக் கொண்டு பிறர் கணக்கிட்டு வைத்த ஐஓ தடத்தை எடுத்து மேலே போட்டோம்.

பொட்டு தடத்தோடு ஒட்டி வந்தது, ஆனால் முழுக்க இல்லை. முதல் கால் மணி நேரப் படத்தில் ஒரு பக்கம் சில நூறு கிலோமீட்டர் விலகியிருந்தது. கடைசிப் படத்தில் வேறு பக்கம் விலகியிருந்தது. முன்பானால், “துருவ ஒளி மாறும்மா” என்று விட்டிருப்பேன். இந்த முறை அவளே காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டாள். பார்வைக் கோட்டை எந்த உயரத்தில் முட்டவைக்கிறோம்? வளையத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வதுபோல, வளிமண்டல அழுத்தம் 1 பார் இருக்கும் மட்டத்துக்கு மேலே 400 கிலோமீட்டர். ஆனால் ஐஓவின் வால் எரிவது சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில். உயரத்தில் இருக்கிற ஒன்றைத் தாழ்ந்த மட்டத்தில் முட்டவைத்தால், கோடு அதைத் தாண்டிப்போய்த்தான் முட்டும். விண்கலத்திலிருந்து அப்பால் தள்ளி விழும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்வாகப் பார்த்தால் 500 கிலோமீட்டர் உயர வித்தியாசம் தரையில் 866 கிலோமீட்டர் ஆகிறது. விண்கலம் பறந்துகொண்டே இருப்பதால் தள்ளும் திசையும் மாறிக்கொண்டே போகும். முதல் படம் ஒரு பக்கமும் கடைசிப் படம் இன்னொரு பக்கமும் விலகியதற்குக் காரணம் அதுதான்.

ஐஓவின் பொட்டையும் வாலையும் மட்டும் 900 கிலோமீட்டர் மட்டத்தில் தனியாக வரைந்தோம். நாலு படத்திலும் தடத்தின்மேல் விழுந்தது. வளையம் 400இலேயே இருக்கிறது. ஒரே வரைபடத்தில் இரண்டு உயரம் என்று மூலையில் சின்ன எழுத்தில் எழுதி, ‘தீர்க்கரேகை: மேற்கு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

அடுத்தது தெற்கு. அங்கே வளையம் வட்டத்துக்குப் பக்கம், துருவத்தையும் நெருங்கியிருக்கிறது. புரண்டால் கண்டுபிடிக்க முந்திரிகூட இல்லை. கிரகத்துக்குக் கீழே போய் நின்று பார்க்கிற மாதிரி வரைவதா, வடக்கிலிருந்து ஊடுருவிப் பார்க்கிற மாதிரி வரைவதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம் என்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் வாங்க இன்று மதியம் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் போயிருக்கிறாள்.